எழுத்தை எழுத்தாக எண்ணுவோம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் செயலி நிரலாளர்களின் கொள்கைப் பிரகடனம்

முகவுரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை. நாங்கள் எழுதிக்கொடுத்த பில் போடும் செயலி அங்கே ஓடத் தொடங்கிய முதல் நாள். அரைக் கிலோ வாங்கியவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கல்லாவில் இருந்தவரிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நான் பால்கோவாதான வாங்குனேன்? இது யாரு பால்கே?"

சீட்டில் அப்படித்தான் இருந்தது. பால்கே, 500 கிராம். கடையே சிரித்தது. கூட நின்ற நாங்களும் சிரித்தோம். ராத்திரி உட்கார்ந்து காரணத்தைத் தோண்டியபோதுதான் சிரிப்பு நின்றது.

அந்தச் சின்ன பிரிண்டரில் ஓடுவது 58 மில்லிமீட்டர் காகிதம். அதற்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்துதான் அனுப்புகிறோம். எடை, விலை, தொகை எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியது போகச் சரக்கின் பெயருக்கு மிஞ்சியது 6 இடம். பெயர் நீண்டால் 6-ஆவதோடு வெட்டிவிடச் சொல்லியிருந்தோம். பால்கோவா நாலே எழுத்து: பா, ல், கோ, வா. தாராளமாக அடங்கியிருக்க வேண்டும். ஆனால் செல்பேசி எழுத்தை எண்ணவில்லை, குறிகளை எண்ணியது. ப, கால், ல, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, கால் என்று 8 குறிகள். அது போதாதென்று, கடையின் விலைப்பட்டியல் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி எடுத்தது. மாற்றிய நிரல் ஓகாரக் குறியை ஒன்றாக வைக்காமல் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று உடைத்துப் போட்டிருந்தது. 8 என்பது 9 ஆயிற்று. 6-ஆவதாக நின்றது இரட்டைக் கொம்பு. கத்தி அதற்கு அடுத்து விழுந்தது. 'கோ' காலை இழந்தது, 'வா' மொத்தமாகப் போயிற்று. மிச்சம் பால்கே.

பிரிண்டர் மேலும் குற்றமில்லை, கடைக்காரர் மேலும் குற்றமில்லை. எண்ணத் தெரியாமல் வெட்டியது நாங்கள். இந்த இயக்கம் அந்தச் சீட்டிலிருந்து தொடங்குகிறது.

நாங்கள் யார்

எங்களில் ஒருவர் நூற்பாலைக்கு வருகைப் பதிவுச் செயலி எழுதுகிறார். ஒருவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்குக் கூலிக்கணக்குச் செயலி எழுதுகிறார். ஒருவர் பேருந்து நேரம் சொல்லும் செயலி. மீதிப் பேர் கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலை செய்கிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், கடைத்தெருவில் தமிழ் பேசுகிறோம், திரையில் ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிறோம்.

எழுத்துகளைக் கோத்து வைத்திருக்கும் தரவை எங்கள் தொழிலில் ஸ்ட்ரிங் என்பார்கள். தமிழில் சரம். இந்த வட்டாரத்துக்கு அது புதுச் சொல் இல்லை. ஆண்டாள் சந்நிதித் தெருவில் பூச்சரம், ஆலைக்குள் நூல். சரத்தை எண்ண, வெட்ட, ஒட்ட, தேட, திருப்ப, வரிசைப்படுத்த என்று ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பத்துப் பதினைந்து சில்லறை வேலைகள் உண்டு. அவற்றை ஒரு தடவை ஒழுங்காக எழுதி, எவரும் எடுத்துத் தன் செயலியில் செருகிக்கொள்ளும்படி பொதுவில் வைத்தால் அதுதான் திறந்தமூல உதவி லைப்ரரி. ஆங்கிலத்துக்கு இப்படி ஆயிரம் கிடக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துத் தமிழில் ஓட்டினால் பால்கே வருகிறார்.

எங்கள் குறைகள்

முதல் குறை, எண்ணிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதி விரல் விட்டு எண்ணுங்கள். ஸ்ரீயை ஒன்றாகக் கொண்டால் 8, இரண்டாகக் கொண்டால் 9. ஆண்ட்ராய்டில் கோட்லின் மொழியிடம் நீளம் கேட்டால் 18 என்கிறது. ஃபிளட்டரில் டார்ட் மொழியும் 18 என்கிறது. ஐபோனின் ஸ்விஃப்ட் மொழி 9 என்கிறது. சேமிக்கும்போது பிடிக்கும் இடம் 54 பைட். ஒரே ஊர், மூன்று எண்கள். படிவத்தில் 'பெயர் 15 எழுத்துக்குள்' என்று போட்டால் இந்த ஊர்ப் பெயருக்கே இடமில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 இடம். அதில் ஊர்ப் பெயர் மட்டும் 18-ஐத் தின்றுவிடும். கால் பங்குக்கு மேல் முகவரிக்கே போச்சு. இதை முன்கூட்டிச் சொல்லும் கருவி இல்லாததால், ஒரு செய்திக்குக் கணக்குப் போட்ட ஆலை மூன்றுக்குப் பணம் கட்டுகிறது.

இரண்டாம் குறை, இனிஷியல். நமக்கு இனிஷியல் என்பது அப்பா பெயர். அதற்கு 'ஒரே எழுத்து' என்று எல்லை வைக்கிறார்கள். செல்வத்தின் மகன் 'செ' என்று அடிக்கிறான். ச நுழைகிறது, கொம்புக்குக் கதவு சாத்தப்படுகிறது. சீட்டில் 'ச. முருகன்' என்று வருகிறது. செல்வத்தின் மகன் சண்முகத்தின் மகனாகிவிட்டான். வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டும் செயலிகளிலும் இதே கதைதான். மீனாட்சியும் முத்துவும் மொட்டை 'ம' ஆகிறார்கள்.

மூன்றாம் குறை, தேடல். தறிக் கூலிக்கணக்கில் கௌரி என்ற பெயருக்கு இரண்டு கணக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஔகாரக் குறியோடு அடித்த கௌரி. மற்றதில் ஒற்றைக் கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் 'ள' அடித்த கெளரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செல்பேசிக்கு இருவேறு ஆட்கள். முன்பணம் ஒரு கணக்கில், கூலி இன்னொரு கணக்கில். சனிக்கிழமை கூலி பிரிக்கிற நேரத்தில் அந்தம்மா, "ரெண்டு கௌரி இல்ல தம்பி, நான் ஒருத்திதான்" என்று நின்றபோது எங்களுக்குப் பதில் இல்லை. ஊர்ப் பெயரின் ஸ்ரீக்கும் இதே கதி. 2005-இல் யூனிகோடில் 'ஶ' தனியிடம் பெற்ற பிறகு ஸ்ரீயை இரண்டு வழியில் அடிக்கலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டுகின்றன. ஓகாரக் குறி உடைந்து கிடந்தால், நார்மலைசேஷன் என்று நிரலாளர்கள் சொல்லும் சீராக்கம் ஒட்டித் தந்துவிடும். இந்த ஸ்ரீயையும் அந்தக் கெளரியையும் அது தொடாது. அது தமிழ் தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டிய விதி.

நான்காம் குறை, வரிசை. அகராதியில் புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும். எனவே கண்ணனுக்குப் பிறகே கணேசன். குறியெண்படி அடுக்கும் செல்பேசியில் புள்ளிக்குக் கடைசி இடம் என்பதால் கணேசன் முந்திவிடுகிறார். பிள்ளையாருக்கு முதல் மரியாதை சரிதான், ஆனால் அகராதிக்கு வேறு சட்டம். யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ப'வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பலாவுக்கு முன் பனை வருகிறது. வருகைப் பதிவேட்டில் தன் பெயரைத் தேடும் தொழிலாளி பள்ளியில் படித்த வரிசையில் தேடுகிறார். பெயர் வேறு எங்கோ கிடக்கிறது.

ஐந்தாம் குறை, திருப்புதல். 'விகடகவி'யைத் திருப்பினாலும் விகடகவி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேர் ஓடும் ஊரில் 'தேரு வருதே' என்பதும் தெரியும். கோட்லினிடம் விகடகவியைக் கொடுத்துத் திருப்பச் சொன்னால், முன்னால் ஒரு புள்ளி வட்டம், அதில் தொங்கும் ஆதரவற்ற இகரக் குறி, பின்னால் 'வகடகிவ' என்று வருகிறது. சொல்விளையாட்டுச் செயலி எழுதும் மாணவர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் சுவர் இது.

ஆறாம் குறை, வேற்றுமை உருபு. பெயரை ஒரு கட்டத்திலும் 'க்கு' என்பதை அடுத்த கட்டத்திலும் வைத்து ஒட்டுவது ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம். விளைவு, 'இராஜபாளையம் க்கு செல்லும் பேருந்து'. எந்தத் தாயும் பிள்ளைக்கு இப்படிப் பேசக் கற்றுத் தந்ததில்லை. இராஜபாளையத்துக்கு, மதுரைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, வத்திராயிருப்புக்கு என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக உருபை ஏற்கிறது. மகரம் கெட்டு அத்து வரும் என்று ஒரே விதியாக எழுதினால், ராம் என்பவர் 'ராத்துக்கு' ஆகிவிடுவார். வீடு வீட்டுக்கு ஆகும், ஆறு ஆற்றுக்கு ஆகும். இதை எழுத இலக்கணமும் வேண்டும், விதிவிலக்குப் பட்டியலும் வேண்டும், இரண்டையும் பொறுமையாகக் கோக்கும் கையும் வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. தமிழுக்கு அதில் அமைந்த கட்டம், இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை ஒட்டி அமைந்தது. மொத்தம் 128 இருக்கைகள். இன்று 72-இல் ஆள் உண்டு. 247 எழுத்தும் தனித்தனியாக உட்காரவில்லை. உயிர்மெய் என்பது அங்கே மெய்யின் மேல் ஒரு குறியை ஏற்றிச் செய்வது. இது தமிழுக்கு இழைத்த அநீதி என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. உயிர்மெய்களுக்கெல்லாம் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற மாற்றுக் குறியீடும் உருவாயிற்று. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது முழுதாக இயங்காத இடங்களுக்கு டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது.

அந்த வழக்கை நாங்கள் மறுபடி எடுக்கப் போவதில்லை. உலகத்திலுள்ள செல்பேசிகள் அத்தனையும் யூனிகோடுக்குப் பழகிவிட்டன. சேமிக்கும் முறை எப்படியும் இருக்கட்டும். எண்ணும் முறை தமிழாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி. நெல்லை மூட்டையில் கட்டலாம், குதிரில் கொட்டலாம். அளக்கும்போது மரக்கால் ஒன்றுதான்.

யூனிகோடு கழகமே இதை உணர்ந்து, பார்ப்பவர் ஒரே எழுத்தாகக் கொள்வது எது என்று வகுக்கும் விதிகளை வெளியிட்டிருக்கிறது. ஸ்விஃப்ட் அதைப் பிறப்பிலேயே ஏற்றது. டார்ட் மொழிக்கு அதன் குழுவே 'கேரக்டர்ஸ்' என்ற தனி லைப்ரரி தருகிறது. ஆண்ட்ராய்டு 7.0 முதல் ஐசியூ என்ற பெரிய மொழிக் கருவிப்பெட்டி செல்பேசிக்குள்ளேயே இருக்கிறது. அகராதி வரிசையும் அதில் உண்டு. ஆனால் பெட்டி இருக்கிறதென்று எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதில் எல்லாம் இல்லை. அந்த விதிகளின்படி 'க்ஷ' இரண்டு துண்டு, ஸ்ரீ இரண்டு துண்டு. 2023-இல் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் காக்கும் விதி சேர்ந்தபோது தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்றவை அதில் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. நமக்குக் கூட்டெழுத்து இரண்டொன்றுதான். அந்த இரண்டொன்றில் ஒன்று எங்கள் ஊரின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எங்களுக்கு முன் நடந்தவர்கள்

இந்தப் பாதையில் முதல் காலடி எங்களுடையது இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பில் தமிழ் இலக்கியத்தைத் தட்டச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தது. எழுத்துருவும் குறியீடும் மாறிக்கொண்டே இருந்த காலத்தில் அவர்கள் அந்த நூல்களைக் கரைசேர்த்தார்கள். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ், பைத்தான் மொழியில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கிறது, அகர வரிசையில் அடுக்குகிறது, பழைய குறியீடுகளை மாற்றுகிறது. நாங்கள் செய்ய நினைப்பதில் பெரும்பகுதியை அது கணினியில் செய்து காட்டிவிட்டது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் 2002-இல் தொடங்கிய ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் எழுத்துரு, விசைப்பலகை, மொழிக் கருவிகள் என்று ஒரு மொழிச் சமூகம் தன் கையால் என்ன செய்யலாம் என்பதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது.

அவர்கள் கணினியில் கட்டியதைச் செல்பேசிக்குள் கொண்டு வருவதும், கோட்லின், ஸ்விஃப்ட், டார்ட், ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் ஒரே விடை வரும்படி செய்வதும் எங்கள் பங்கு. செய்த இடத்தில் மறுபடி செய்ய மாட்டோம். ஓப்பன்-தமிழில் சரியாக இருக்கும் விதியை எடுத்துக்கொண்டு, எடுத்தது எங்கிருந்து என்று முதல் வரியில் எழுதுவோம்.

கொள்கைகள்

1. எழுத்தே அலகு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணினால் எத்தனையோ, அத்தனையே எங்கள் லைப்ரரி சொல்லும். பைட் எத்தனை, குறி எத்தனை என்பதும் தேவைப்படும் இடங்கள் உண்டு. குறுஞ்செய்திக்கு அது வேண்டும். அவற்றை வேறு பெயரில் கேட்டால் தருவோம். 'நீளம்' என்ற பெயர் எழுத்துக்கு மட்டுமே உரியது. ஸ்ரீயும் க்ஷவும் ஒன்றா இரண்டா என்பதைச் செயலி எழுதுகிறவர் தேர்ந்துகொள்ளலாம். இயல்பான விடை ஒன்று.

2. எழுத்தின் நடுவே கத்தி விழாது. வெட்டும் எந்தச் செயற்பாடும் முழு எழுத்தின் விளிம்பில்தான் வெட்டும். இடம் போதவில்லை என்றால் ஓர் எழுத்துக் குறையலாம். அரை எழுத்து நிற்கக் கூடாது.

3. வாசலிலேயே சீராக்கம். சரம் சேமிப்பறைக்குள் போகுமுன் உடைந்த குறிகள் ஒட்டப்படும், கொம்பும் ளகரமும் சேர்ந்த போலி ஔகாரம் திருத்தப்படும், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவரும் இணைப்புக் குறிகள் உதறப்படும். ஆனால் ஒருவர் தன் பெயரை எழுதிக்கொண்ட விதத்தை நாங்கள் திருத்த மாட்டோம். இராஜா என்பவர் இராஜாவாகவும், ராஜா என்பவர் ராஜாவாகவும் இருப்பார். தேடும்போது மட்டும் இருவரும் கிடைப்பார்கள்.

4. சூடிப் பார்த்துக் கொடுப்போம். மாலையைத் தான் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்து, அதன் பிறகே கொடுத்தவளின் ஊர் இது. நாங்களும் எழுதியதை எங்கள் கடைகளிலும் ஆலைகளிலும் தறிகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியில் வைப்போம். எங்கள் சொந்தச் செயலியில் நாங்களே பயன்படுத்தாத ஒரு வரியும் லைப்ரரியில் இருக்காது.

5. ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த ஏனத்தைக் கழுவி வெறுமனே கொடுப்பது இந்தப் பக்கம் வழக்கமில்லை. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் உரிமமும் அதுதான். மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பைத் தேர்ந்திருக்கிறோம். லைப்ரரியை எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்; அதை வைத்துக் காசுக்கு விற்கும் மூடிய செயலியும் எழுதலாம். எங்கள் கோப்பைத் திருத்தி வெளியிட்டால், திருத்திய அந்தக் கோப்பை எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். உங்கள் சமையலறைக்குள் நாங்கள் வர மாட்டோம். எங்கள் ஏனம் மட்டும் வெறுமனே வரக் கூடாது. சொற்பட்டியல்களுக்கு இந்த நிபந்தனையும் இல்லை. அவை முழுக்கப் பொதுவுடைமை.

6. அறுந்தால் பிணைக்க ஆள் உண்டு. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற லைப்ரரியை எழுதியவர், ஒரு பெயர்த் தகராறில் அதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். மொத்தம் 11 வரி. சரத்தின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நம்பி உலகெங்கும் ஓடிய ஏராளமான பெரிய திட்டங்கள் அன்று நின்றுபோயின. ஆலையில் ரிங் ஃபிரேமில் இழை அறுவது அன்றாடம் நடப்பது. மிஷினை நிறுத்துவதில்லை, சைடர் ஓடிவந்து பிணைத்துவிடுவார். சைடர் இல்லாத ஃபிரேமை எவரும் ஓட்ட மாட்டார்கள். எங்கள் லைப்ரரியின் ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இரண்டு சைடர்கள் இருப்பார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும், வெளியூரில் வேலை கிடைத்துப் போனாலும், திறவுகோல் ஊரில் இருக்கும்.

7. தெலுங்குக்கும் கதவு திறந்திருக்கும். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் 'ஜ்ஞா' என்ற ஒரே எழுத்து ஐபோன்களில் வந்து விழுந்த செயலிகளையெல்லாம் முடக்கியது. அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. பிழை எழுத்தில் இருக்கவில்லை. அதைக் கையாண்ட நிரலில் இருந்தது. ஒரு மொழியை ஓரத்து விஷயமாக எண்ணிச் சோதிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். எங்களில் பாதி வீடுகளின் தாய்மொழி அது. தமிழுக்கு எழுதும் ஒவ்வொரு சோதனையின் பக்கத்திலும் தெலுங்குக்கு ஒரு சோதனை எழுதுவோம்.

8. விளக்கம் தமிழில். ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் என்ன செய்யும், எதைச் செய்யாது, ஓர் எடுத்துக்காட்டு என மூன்றும் தமிழில் இருக்கும். ஆங்கிலத்திலும் இருக்கும். ஆனால் ஆங்கிலம் மட்டும் உள்ள செயற்பாடு வெளியீட்டுக்குத் தகுதி பெறாது.

9. கைக்கு அடக்கம். பழைய செல்பேசியிலும், தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். இணையம் கேட்காது. எவர் பெயரையும் எங்கேயும் அனுப்பாது.

செய்ய மாட்டாதவை

கூலி கேட்க மாட்டோம், ஆனால் இனாம் என்று மார்தட்டவும் மாட்டோம். எந்தக் கட்சிக் கொடியின் கீழும் நிற்க மாட்டோம். தூய தமிழா கிரந்தமா என்ற சண்டையைச் சரத்துக்குள் நடத்த மாட்டோம். ஊர்ப் பெயர்கள் இரண்டிலும் கிரந்தம் இருக்கிறது. திருவில்லிபுத்தூர் என்று எழுதுகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். எழுதுகிறவர் எழுதட்டும், எண்ணுவது எங்கள் வேலை. பெயர்ப் பலகை, தலைவர், செயலாளர் ஏதும் இப்போதைக்கு இல்லை. முதல் வெளியீடு வந்த பிறகு பெயர் வைப்போம். பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா எதற்கு?

முதல் ஓராண்டின் வேலை

முதல் மூன்று மாதம் சோதனைச் சரங்களைத் திரட்டுவோம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று தொடங்கி இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்கள், சரக்குப் பெயர்கள், ஆட்பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கையால் எண்ணிய எண்ணிக்கை. திருப்புதலைச் சோதிக்க நம்மிடம் ஓர் அருமையான கருவி ஏற்கெனவே இருக்கிறது. சரத்தைத் திருப்பினாலும் அதுவே வருவதற்குத் தமிழ் வைத்த பெயர் மாலைமாற்று. ஞானசம்பந்தர் சீர்காழி மேல் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிப் பாடியிருக்கிறார். அதன் ஒவ்வொரு பாடலையும் எங்கள் நிரலில் கொடுத்துத் திருப்புவோம். அதுவே திரும்பி வந்தால் நிரல் சரி. ஒரு காலோ கொம்போ இடம் மாறினால் தவறு நிரலில்தான், பாட்டில் இல்லை.

அடுத்த மூன்று மாதம் எண்ணல், வெட்டல், சீராக்கம், தேடல், வரிசை, திருப்புதல் ஆறையும் நான்கு மொழிகளிலும் எழுதி முடிப்போம். பிந்திய ஆறு மாதம் வேற்றுமை உருபுக்கு. அது நீளமான வேலை. தமிழாசிரியர்கள் இல்லாமல் முடியாது. அவர்களை மேடையில் சால்வை போர்த்த அழைக்க மாட்டோம். எங்களோடு உட்கார்ந்து 'இது ஏன் இப்படி வருகிறது' என்று சொல்லித்தர அழைப்போம்.

அழைப்பு

நிரல் எழுதத் தெரிந்தவர் நிரலோடு வாருங்கள். தெரியாதவர் உங்கள் செல்பேசியில் உடைந்து தெரிந்த ஒரு சொல்லோடு வாருங்கள். எங்களுக்கு அதுதான் அதிகம் தேவை. பில் சீட்டு, சம்பளச் செய்தி, ரேஷன் செய்தி, கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்த விதம், எதுவானாலும் சரி. கடை வைத்திருப்பவர் உங்கள் சரக்குப் பட்டியலைக் கொடுங்கள். ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டின் அகர வரிசையைச் சொல்லித் தாருங்கள். மாணவர்கள் விளக்கங்களைத் தமிழில் எழுதுங்கள்.

சொந்த உடைமையைப் பொதுவுக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, இராஜபாளையத்தில் தான் குடியிருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் இன்று காந்தி கலை மன்றம். வீட்டைக் கொடுத்தவர் நடந்த தெருவில் நாமும் நடக்கிறோம். நாம் கொடுக்கப் போவது சில நூறு வரி நிரல்.

உறுதிமொழி

எழுத்தை எழுத்தாக எண்ணுவேன். எண்ணிய பிறகே வெட்டுவேன். நான் சூடிப் பார்க்காததைப் பிறருக்குக் கொடுக்க மாட்டேன். எடுத்த இடத்தைச் சொல்வேன். ஏனத்தை வெறுமனே திருப்ப மாட்டேன். போகும்போது திறவுகோலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

அந்தப் பில் சீட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வெப்பத்தில் அச்சாகும் காகிதம் என்பதால் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. அதற்குள் படம் பிடித்து வைத்துவிட்டோம். லைப்ரரியின் சோதனைக் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் அந்தச் சொல் இருக்கும். உடைந்த குறிகளோடு பால்கோவா உள்ளே போக வேண்டும், 6 இடத்துக்குள் முழு பால்கோவாவாக வெளியே வர வேண்டும், எண்ணினால் 4 என்று சொல்ல வேண்டும். இது தேறாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது. அந்தச் சோதனைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்: பால்கே.